எடைக்கல் வைத்த பெட்டி

அந்தப் பெட்டிக்குள் ஒரு கால் கிலோ எடைக்கல்லைத் தவிர வேறொன்றும் இல்லை. இதை நான் வெள்ளியம்புதூரில் சொல்லாத ஆளில்லை, சொல்லாத இடமில்லை, டீக்கடையில் சொன்னேன், பால் சொசைட்டியில் சொன்னேன், பஞ்சாயத்து ஆபீஸில் மனு எழுதிக் கொடுத்துச் சொன்னேன், மாரியம்மன் கோயில் வாசலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணிச் சொன்னேன், எல்லோரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, "அதெல்லாஞ் செரி அவினாசி, இப்ப அது பச்சையில நிக்கிதா செவப்புல நிக்கிதா?" என்றுதான் கேட்டார்கள். பெட்டியைச் செய்தவன் நான். மூடி வைத்து நாலு திருகாணி முடுக்கியவன் நான். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

என் பெயர் அவினாசியப்பன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரேடியோ, மிக்ஸி, ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் நல்லிசைக் கேட்போர் சங்கம் என்று ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நாச்சிமுத்துவின் தேங்காய் மண்டிக்கு மாடியில் பதினோரு பேர் கூடி, கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்பார்கள், கேட்டு முடித்ததும் கண்ணைத் திறந்துகொண்டு சண்டை போடுவார்கள். சங்கத் தலைவர் பல் டாக்டர் சென்னியப்பன் கப்பலில் ஒரு ஆம்ப்ளிஃபையர் வரவழைத்திருந்தார், நாலு ஆள் தூக்குகிற கனம். நாச்சிமுத்து வைத்திருந்தது என் கையால் நான் பூட்டிக் கொடுத்தது, ஒரு ஆள் தூக்கலாம். டாக்டருடையதில் பாடினால் பாடகர் மூச்சு இழுப்பது கேட்கிறது என்றார் டாக்டர், நம்முளுதில் பாடினால் அவர் காலையில் என்ன சாப்பிட்டார் என்பதே கேட்கிறது என்றார் நாச்சிமுத்து, இப்படி ஒரு வருஷம் போயிற்று.

பொறுக்கமாட்டாமல்தான் நான் நடுவில் புகுந்தேன், புகுந்திருக்கக் கூடாது. கண் பார்த்துவிட்டால் காது பொய் சொல்லும், எது எந்தப் பெட்டி என்று தெரியாமல் கேளுங்கள், கேட்டுவிட்டுச் சீட்டில் எழுதுங்கள் என்றேன். இரண்டு ஆம்ப்ளிஃபையரையும் மறைத்து எட்டு முழ வேட்டி ஒன்றைக் குறுக்கே கட்டினேன். ஒன்றில் இம்மியளவு சத்தம் கூடினாலும் கூடினதுதான் இனிமை என்று காது ஏமாந்துபோகும் என்பதால் மீட்டர் வைத்து இரண்டையும் சரிசமமாக்கினேன். எட்டு ஞாயிறு நடத்தினேன். எட்டு ஞாயிறும் சீட்டுகள் பாதி அங்கே பாதி இங்கே என்றுதான் வந்தன, அதாவது ஒருவருக்கும் ஒரு மண்ணும் தெரியவில்லை. அதைச் சொன்னால் ஒத்துக்கொள்வார்களா? வேட்டி புதுசு, கஞ்சி போட்ட துணி கீச்சுக்குரலைத் தின்றுவிடுகிறது என்றார் டாக்டர், துவைத்த வேட்டி கட்டினேன், துவைத்த துணி தடிமன் குரலைத் தின்றுவிடுகிறது என்றார். மின்விசிறி ஓடியதால் கணக்கில்லை என்றார் ஒருவர். காலையில் பொங்கல் சாப்பிட்டால் காது மந்தமாகும், இட்லி சாப்பிட்ட ஞாயிறாகப் பார்த்து வையுங்கள் என்றார் நாச்சிமுத்து. எனக்குத் தலை வெடித்தது.

ஆகவே ஒன்பதாவது ஞாயிறுக்கு அந்தப் பெட்டியைச் செய்தேன். பழைய ரேடியோவின் தேக்குக்கூடு, மேலே ஒரு பெரிய சுவிட்ச், சுவிட்சுக்கு ஒரு பக்கம் சிவப்புப் பொட்டு, மறுபக்கம் பச்சைப் பொட்டு, இரண்டும் எங்கள் வீட்டு கேட்டுக்கு அடித்து மிஞ்சின பெயிண்ட். சுவிட்சின் காலில் ஒரு கம்பிகூடக் கிடையாது. கனமாக இருந்தால்தான் இவர்கள் மதிப்பார்கள் என்று உள்ளே ஒரு கால் கிலோ எடைக்கல்லைப் பசை போட்டு ஒட்டினேன். திரைக்குப் பின்னால் ஒரே ஆம்ப்ளிஃபையர், என்னுடையது, அது பாட்டுக்குப் பாடும். நான் சுவிட்சைத் தட்டுவேன், இவர்கள் ஆகா என்பார்கள் ஐயோ என்பார்கள், எல்லாம் முடிந்தபின் பெட்டியைத் திறந்து எடைக்கல்லை மேஜைமேல் வைத்து, மானம் இருந்தால் இனிமேல் சண்டை போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்க் கோழிக் குழம்பு சாப்பிடலாம் என்பது என் திட்டம்.

மாசி மாதம் மூன்றாவது ஞாயிறு, பத்தே முக்கால் மணிக்கு, சிவப்பிலிருந்து பச்சைக்குத் தட்டினேன். பதினோரு பேரும் ஆகா என்றார்கள், அது நான் எதிர்பார்த்ததுதான். ஆனால் கீழே மண்டியில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டு, உரிக்கிற சத்தத்தை இன்னொரு முறை கேட்பதற்காக ஒரு தேங்காயை எடுத்துக் கடப்பாரையில் மெதுவாகக் குத்தினார்கள். தெருவில் போன உப்பு வண்டிக்காரர் தன் குரலையே கேட்டு நின்றுவிட்டார். குக்கர் விசில்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பி ஒன்றோடொன்று இழைந்துகொண்டு போயின, கோயில் மரத்துக் காக்கைகள் கரைந்துவிட்டுத் தாங்களே தலையைச் சாய்த்துக் கேட்டன, பொள்ளாச்சி பஸ் ஹாரன் அடித்தபோது சந்தைக்கு வந்தவர்கள் அது முடிந்துவிடக் கூடாதே என்று வழிவிடாமல் நின்றார்கள். சிவப்புக்குத் தட்டினேன், எல்லாம் பழையபடி ஆனது. பச்சைக்குத் தட்டினேன், ஊர் முழுக்கப் பெருமூச்சு விட்டது. இதெல்லாம் மற்றவர்கள் எனக்குச் சொன்னது. எனக்கு எந்த வித்தியாசமும் கேட்கவில்லை.

முதல் வாரம் இது பதினோரு பேரின் பைத்தியம் ஊருக்குத் தொற்றிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் பஸ் டிரைவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள். ஊர் எல்லையில் ஓடைப்பாலம் இருக்கிறது, பாலத்தில் ஏறும்போது ஹாரனை அமுக்கிப் பிடித்தால் பாதிப் பாலத்தில், சரியாக அந்த உடைந்த கைப்பிடிக்கு நேராக, சத்தம் மாறுகிறதாம், பச்சை ஓடுகிற நேரத்தில் மட்டும். வெளியூர் டிரைவர், பெட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர், வண்டியை நிறுத்தி இறங்கி ஹாரனைத் திறந்து பார்த்தார் என்றார்கள். நானும் பாலத்தில் போய் நின்றேன். எனக்கு ஹாரன் ஹாரனாகத்தான் கேட்டது.

ஊர் அந்த அதிசயத்தை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், புதுசாகக் குடிநீர்க் குழாய் வந்தால் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படி. முதலில் எல்லோருக்கும் எப்போதும் பச்சை வேண்டும் என்றார்கள், பிறகு குறைகள் வர ஆரம்பித்தன. ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர், பச்சையில் தான் திட்டினால் பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் திட்டுங்கள் ஐயா என்று கேட்கிறார்கள், பள்ளி நேரத்தில் சிவப்பு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். சப்-இன்ஸ்பெக்டர் அதட்டினால் திருடன் புன்னகை பூக்கிறான் என்று ஸ்டேஷனிலிருந்து வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினார்கள். ஆம்புலன்ஸ் சங்கு ஊதினால் ஜனங்கள் வழிவிடாமல் கூடவே நடந்து வருகிறார்கள். சிவப்பில்தான் தூங்குவேன் என்று அழும் கைக்குழந்தைகள் மூன்று, பாலத்துக்கு அப்பால் மாமன் வீட்டில் போய்த் தூங்கிவிட்டு வந்தன. மறுபக்கம், பச்சை நேரத்தில் பெண் பார்க்க வரச் சொன்னால் சம்பந்தம் தட்டாமல் முடிகிறது என்று தரகர்கள் கண்டுபிடித்தார்கள். டாக்டர் சென்னியப்பனின் பல் குடைகிற மிஷின் பச்சையில் எழுப்பிய ஓசையைக் கேட்பதற்கென்றே சொத்தையில்லாத பற்களோடு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து, பெட்டிக்குக் கரண்டே போகவில்லை, ஆகவே வாரியத்துக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பூசாரி பெட்டிக்குக் குங்குமம் வைத்து நாலு மூலையிலும் எலுமிச்சம்பழம் செருகினார். கடைசியில் ஒரு நேர அட்டவணை எழுதி மண்டிச் சுவரில் ஒட்டினார்கள், சுவிட்சைத் தட்டுவதற்கு டாக்டரும் நாச்சிமுத்துவும் முறை வைத்துக்கொண்டார்கள், ஒரு வருஷமாகச் சண்டை போட்டவர்கள் தோள்மேல் கை போட்டுக்கொண்டார்கள், நான் அருகே வந்தால் மட்டும் இருவரும் சேர்ந்து பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டார்கள், என் சட்டைப் பையில் எப்போதும் ஸ்க்ரூடிரைவர் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இவ்வளவையும் நான் சகித்திருப்பேன். நடுவில் வந்தது என் வீடு.

என் மனைவி மயிலாத்தாள் பால் சொசைட்டியில் வேலை பார்க்கிறாள், காலை ஐந்தரைக்கு உறுப்பினர் நம்பரைக் கூப்பிட்டுப் பாலை அளந்து வாங்குகிற வேலை. பெயருக்கேற்ற குரல் என்று ஊர் சிரிக்கும், மயில் கத்திக் கேட்டவர்களுக்கு அந்தச் சிரிப்பு புரியும். தகரத்தைத் தரையில் இழுக்கிற குரல். ஆறாம் வகுப்பில் பிரார்த்தனைப் பாட்டுக்கு நிறுத்தி, நீ வாயை மட்டும் அசை, சத்தம் வெளியே வரக் கூடாது என்று டீச்சர் சொன்னதை இவள் இன்றைக்கும் சொல்வாள். நான் பெண் பார்க்கப் போன அன்று இவளுடைய அம்மா, தாலி ஏறுகிற வரைக்கும் வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்று சொல்லித்தான் தட்டைக் கையில் கொடுத்தாராம். இவளும் திறக்கவில்லை. பேசாத பெண் என்று நினைத்து நான் ஏமாந்து கட்டிக்கொண்டேன் என்பது இருபத்திரண்டு வருஷமாக இவளுடைய தீர்மானம், கேலியாகச் சொல்வாள், ஆனால் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

அந்தக் குரல் பச்சையில் என்னவானதோ, சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுப் போனவர்கள் காலிக் கேனோடு திரும்பி வந்து நின்றார்கள். பால் ஊற்றாதவர்களும் வந்தார்கள். இவள் நூற்று நாற்பத்தேழு என்று கூப்பிட்டால் நூற்று நாற்பத்தேழாம் நம்பர்க்காரர் காதில் விழாதது போல நின்றார், இன்னொரு முறை கூப்பிடட்டும் என்று. பங்குனியில் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு நோம்பி சாட்டிக் கம்பம் நட்டபோது, இந்த வருஷம் மைக்கில் அறிவிப்பதற்கு மயிலாத்தாள்தான் வர வேண்டும் என்று கோயில் கமிட்டிக்காரர்கள் தேங்காய் பழத்தோடு வீட்டுக்கு வந்து கேட்டார்கள். இவள் உள்ளே ஓடிப்போய் அழுதாள். அழுதுவிட்டு, முகத்தைக் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"ஏனுங்க, எல்லாரும் சொல்றாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லலியே. என்ற கொரலு இப்ப எப்பிடி இருக்குதுங்க?"

அன்றைக்கு அட்டவணைப்படி பச்சை. நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்கெல்லாம் தெரிகிறது. எனக்குத் தெரிந்தது எடைக்கல் மட்டும்தான். "மயிலா, அதுக்குள்ள ஒண்ணும் இல்ல, கல்லுதான் கெடக்குது. உன்ற கொரலு எப்பவும் இருக்கற மாதிரியேதான் இருக்குது. கொஞ்சங்கூட மாறல," என்றேன்.

அவள், "செரிங்க," என்றாள். அதுதான் அவள் என்னிடம் பேசிய கடைசிச் சொல். மறுநாளிலிருந்து சோற்றைத் தட்டில் போட்டு மூடி வைத்துவிட்டுப் போனாள், சாப்பிடக் கூப்பிடவில்லை. ஊருக்கே கேட்கிற என் பெண்டாட்டி வீட்டுக்குள் ஊமையானாள், பத்தொன்பது நாள். பத்தொன்பது நாளும் ஆறின சோறு. எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாமல் வந்தது, கடைசியில் அது பெட்டிமேல் போய் நின்றது. அந்தச் சனியனைத் திறந்து கல்லை எடுத்து ஊர் பார்க்க வைத்தாலொழிய இனி எனக்குப் பொழுது விடியாது என்று முடிவு பண்ணி, நேரே மண்டி மாடிக்குப் போனேன்.

"தொறக்கறதுன்னா எங்களக் கொன்னுபோட்டுத் தொற," என்றார் டாக்டர்.

"மாப்ள, ஊருக்கே கேக்குது, உனக்கு மட்டும் கேக்கலீன்னா கோளாறு பொட்டியிலயா உன்ற காதுலயா?" என்றார் நாச்சிமுத்து.

சங்கத்தில் ஒரே ஒரு பெண் உறுப்பினர் உண்டு, கணக்கு டீச்சர் பிலோமினா, எட்டு ஞாயிறும் சீட்டுகளை எண்ணியவர், எண்ணி முடித்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தவர். அவர்தான் சொன்னார்: "எதுக்குச் சண்டை? எங்களையெல்லாம் தெரை கட்டி உக்கார வச்சாரில்ல, இப்ப அவரு உக்காரட்டும். இருவது தடவ. எது பச்சை எது செவப்புன்னு அவரு எழுதட்டும். பதினஞ்சும் அதுக்கு மேலயும் சரியாச் சொன்னா அவருக்குக் கேக்குதுன்னு அர்த்தம், பொட்டிய ஆயுசுக்கும் தொடக் கூடாது. அதுக்குக் கொறஞ்சா தொறந்து பாத்துக்கட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒன்றுமில்லாததைக் கேட்டுச் சொன்னால் பத்துதான் சரியாகும், காசைச் சுண்டுவதும் அதுவும் ஒன்றுதான். பெட்டி திறந்தது மாதிரியே. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கோயிலில் பூவோடு, தீச்சட்டி எடுக்கிற நாள். அதற்கு முந்தின ஞாயிறு காலை பத்து மணிக்கு மண்டி மாடியில் நிற்க இடமில்லை, படியெல்லாம் ஜனம். எட்டு முழ வேட்டி கட்டியாயிற்று, துவைத்ததா புதுசா என்று ஒருவரும் கேட்கவில்லை. வேட்டிக்குப் பின்னால் பெட்டி, ஒரு நாற்காலி, காசைச் சுண்டிப் பார்த்துச் சுவிட்சைத் தட்ட பிலோமினா டீச்சர். எந்தச் சத்தத்தைக் கேட்க வைப்பது என்று பேச்சு வந்தபோது, பாட்டு வேண்டாம், பாட்டென்றால் இவன் சாக்குச் சொல்வான் என்றார் டாக்டர். அப்போது படிக்கட்டில் ஜனம் விலகியது, மயிலாத்தாள் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேரே திரைக்குப் பின்னால் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பெட்டியைத் திறந்தால் செவ்வாய்க்கிழமை அவள் கையில் மைக் இருக்காது என்பது அங்கே நின்றவர்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். என் கண்ணில் துண்டைக் கட்டினார்கள், மடியில் அட்டையும் கையில் பென்சிலும் கொடுத்தார்கள்.

சுவிட்ச் தட்டுகிற சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் டீச்சர் நாலைந்து தடவை இப்படியும் அப்படியும் தட்டி நிறுத்தினார். பிறகு வேட்டிக்குப் பின்னாலிருந்து என் மனைவி சொன்னாள்:

"சாப்பிட வாங்க."

பத்தொன்பது நாளைக்குப் பிறகு. இத்தனை பேர் நடுவில். நான் பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அந்தச் சொல் நல்ல சொல்தான், ஆனால் யாரோ ஒரு அம்மாள் யாரோ ஒருவரை மரியாதையாக விருந்துக்குக் கூப்பிடுவது போல என்னைத் தாண்டிப் போயிற்று. சிவப்பு என்று எழுதினேன், ஊரே உருகுகிற பச்சை இவ்வளவு வெறுமையாக இருக்காது என்ற கணக்கில். இரண்டாம் முறை, "சாப்பிட வாங்க." என் வயிறு சத்தம் போட்டது. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சொல் நேரே வந்து என் சட்டைக் காலரைப் பிடித்தது, எழுந்து கை கழுவப் போக வேண்டும் போல முட்டி இரண்டும் பரபரத்தன. பச்சை என்று எழுதினேன். மூன்றாவது யாரோ ஒரு அம்மாள், நான்காவதும் அவளே. ஐந்தாவதில் எழுந்தே விட்டேன், யாரோ தோளை அமுக்கி உட்கார வைத்தார்கள். பசி, காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, அதனால்தான் இப்படி, இதில் பெட்டிக்கு என்ன சம்பந்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், சொல்லிக்கொண்டே எழுதினேன். இருபது முறை கூப்பிட்டாள். இருபது முறையும் ஒரே மாதிரி, அவசரமில்லாமல், கோபமில்லாமல் கூப்பிட்டாள், பிழை இருந்தால் அது என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பது போல.

துண்டை அவிழ்த்தார்கள். டாக்டர் என் அட்டையையும் டீச்சரின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தடவிக்கொண்டே வந்தார். பாதியில் அவர் முகம் மாறியது. முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து தடவினார்.

"ஒண்ணு கூடச் செரியில்ல," என்றார். "இருவதுல ஒண்ணு கூட இல்ல. பச்சைய செவப்புங்கறான், செவப்ப பச்சைங்கறான். இவனுக்கு அப்பட்டமா காது செவுடு."

மாடி முழுக்கச் சிரிப்பு, அப்புறம் சிரிப்பு அடங்கியது, நான் தோற்றதனால் ஜெயித்துவிட்டேன் என்பது ஒவ்வொருவருக்காக உறைத்தது. பதினைந்துக்குக் குறைவு. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். நாச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையை விலக்கி, பெட்டியைத் தூக்கி வந்து என் முன்னால் மேஜைமேல் வைத்தார், எலுமிச்சம்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தார். மயிலாத்தாள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். பிலோமினா டீச்சர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு என்னையே பார்த்தார்.

"அவினாசியண்ணா," என்றார், "நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

எனக்கு அது முதல் நொடியிலேயே தெரிந்துவிட்டது. அதுதான் எனக்கு வந்த எரிச்சல். எட்டு ஞாயிறு சோதனை நடத்தினவனுக்கு இது தெரியாமல் இருக்குமா? பேசாமல் திருகாணியைக் கழற்றியிருந்தால் டீச்சரும் பேசாமல் இருந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன், அவர் அப்படிப்பட்டவர். ஆனால் பதினோரு பேரைப் பார்த்து இத்தனை மாதமாக, மானம் இருந்தால் உள்ளதை ஒத்துக்கொள்ளுங்கள் என்று கத்தினவன் நான்.

"கேக்காதவன் சொன்னா பத்து செரியாகும்," என்றேன். "எட்டாகும், பன்னெண்டாகும். இருவதும் செரியாகறது எவ்வளவு அபூர்வமோ, இருவதும் தப்பாகறதும் அவ்வளவு அபூர்வம். ஒண்ணு விடாம தப்பாச் சொல்லோணும்னா, ஒண்ணு விடாம வித்தியாசம் தெரிஞ்சிருக்கோணும்."

"அப்பிடீன்னா?" என்றார் நாச்சிமுத்து.

"எனக்குக் கேக்குது. நான் தோத்துட்டேன். பொட்டியத் தொறக்கல."

"கேக்குதுன்னா எதுக்குய்யா மாத்தி மாத்தி எழுதித் தொலைச்ச?" என்று டாக்டர் பல்லைக் கடித்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மயிலாத்தாள் எழுந்து வந்தாள். அட்டையைக் கையில் எடுத்து, டீச்சரின் தாளோடு வைத்து, ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். சுவிட்ச் எங்கே நிற்கிறது என்று நான் ஓரக்கண்ணால் பார்த்தேன், கடைசியாகக் காசு சுண்டியதில் சிவப்பு விழுந்து சிவப்பிலேயே நின்றது.

"நீங்க பச்சைன்னு எழுதுனதெல்லாஞ் செவப்புங்களா?" என்றாள்.

"ஆமா."

"எத வச்சுப் பச்சைன்னு எழுதுனீங்க?"

"பச்சைதான் நல்லா இருக்குதுன்னு ஊரே சொல்லுதே," என்றேன். "எது எனக்கு நல்லா இருந்துச்சோ அதையெல்லாம் பச்சைன்னு எழுதுனேன்."

கீழே மண்டியில் யாரோ ஒரு தேங்காயை உரித்தார்கள், பழைய சத்தம்.

"உன்னைப் பாக்க வந்தன்னைக்கு," என்றேன், இதைப் பதினோரு உறுப்பினர்களுக்கும் படிக்கட்டு நிறைய ஜனத்துக்கும் முன்னால் சொல்ல வேண்டி வந்ததே என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை, "தட்ட வச்சுட்டு நீ உள்ள போயிட்ட. கொஞ்ச நேரங் கழிச்சுக் கொல்லைப்பக்கம் ஒரு கன்னுக்குட்டி அத்துக்கிட்டு ஓடுச்சு. அதைய ஒருத்தி வெரட்டிக்கிட்டே திட்டுனா. ஊரே கேக்கற மாதிரி திட்டுனா. ஆளத் தெரியல, செவுத்துக்கு அந்தப் பக்கம். அந்தக் கொரலக் கேட்டுட்டுத்தான் எங்கம்மாகிட்டச் செரின்னு சொன்னேன். அது நீயா இருக்கோணுமேன்னு கல்யாணம் முடியற வரைக்கும் எனக்குப் பயம்."

மயிலாத்தாள் அட்டையை மேஜைமேல் வைத்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் குரல் தகரம்தான், சிவப்புத் தகரம், மாடியே அதிர்ந்தது.

"இருவத்திரண்டு வருசமுங்க! வாயத் தொறந்து இத ஒரு நாளைக்கு வூட்ல சொல்றதுக்கு உங்களுக்கு என்ன கேடு? ரேடியோவத் தொறந்து தொறந்து பாக்கறீங்களே, ஒரு நாளைக்கு உங்க வாயத் தொறந்தீங்களா? எட்டு மொழ வேட்டியும் கட்டி, கண்ணுல துண்டையுங் கட்டி, டீச்சரு காசு சுண்டிப் போட்டாத்தான் பொண்டாட்டி கொரலு புடிக்கும்னு சொல்ல வருமா உங்களுக்கு?"

டாக்டர் மெதுவாகக் கையை நீட்டிப் பச்சைக்குத் தட்டப் பார்த்தார். டீச்சர் அவர் கையில் ஒரு அடி வைத்தார்.

பெட்டியை யாரும் திறக்கவில்லை. எடைக்கல் உள்ளேயே இருக்கிறது, அதைத் தவிர வேறொன்றும் இல்லை, இன்றைக்கும் கற்பூரம் அணைக்க நான் தயார். செவ்வாய்க்கிழமை பூவோட்டுக்கு மயிலாத்தாள் மைக்கைப் பிடித்து, எந்தத் தெருவுக்கு அடுத்து எந்தத் தெரு பூவோடு எடுத்து வர வேண்டும் என்று பச்சையில் அறிவித்தாள், கேட்டவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள், வரிசையில் நின்றவர்கள் தங்கள் முறையை மறந்தார்கள். நான் ஓடைப்பாலத்தைத் தாண்டிப் போய், உடைந்த கைப்பிடிக்கு அந்தப் பக்கம், தூக்கம் வராத மூன்று கைக்குழந்தைகளும் அவற்றின் அம்மாக்களும் உட்கார்ந்திருந்த கல்லில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டேன். ஒலிபெருக்கிக் குழாயில் தகரம் தகரமாக வந்தது. குழந்தைகள் தூங்கின.

மைக்கைப் பிடிப்பதற்கு முன்னால் கமிட்டியிடம் அவள் ஒரு நிபந்தனை வைத்தாளாம், எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மண்டிச் சுவரில் இருக்கிற அட்டவணையில் இப்போது அது சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. தினமும் சாயங்காலம் ஏழு மணியிலிருந்து ஏழரை வரை, மழையானாலும் நோம்பியானாலும், சுவிட்ச் சிவப்பில் நிற்க வேண்டும். அந்த அரை மணி நேரம் வெள்ளியம்புதூர் முகத்தைச் சுளித்துக்கொண்டு காத்திருக்கிறது, டாக்டர் மிஷினை நிறுத்திவிட்டு வெறுமனே உட்கார்ந்திருக்கிறார், ஹாரன் ஹாரனாக அடிக்கிறது, குக்கர்கள் கத்துகின்றன, எல்லோரும் எனக்கு ஏதாவது ஒரு சாபம் விடுகிறார்கள், கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

ஏழு அடித்து ஐந்து நிமிஷம் ஆனதும் சமையலறையிலிருந்து மயிலாத்தாள் கூப்பிடுவாள், "சாப்பிட வாங்க." நான் எழுந்திருக்கமாட்டேன். கொஞ்ச நேரம் பொறுத்து இன்னும் கொஞ்சம் தகரம் ஏறின குரலில் கூப்பிடுவாள், நான் ஸ்க்ரூடிரைவரால் எதையாவது நோண்டிக்கொண்டிருப்பேன். மூன்றாவது முறை கரண்டியோடு வாசற்படிக்கே வந்துவிடுவாள், எதிர் வீட்டு நாய் எழுந்து ஓடும், "ஏனுங்க, காது கேக்குதா இல்லீங்களா?" என்பாள், நான் அப்போதும் பதில் சொல்வதில்லை, ஏழரைக்கு இன்னும் நேரம் இருக்கிறது.